ஆறாவது பீரியட்

...நன்றி. இந்த இடத்தில் ஒரு குட்டிக் கதை சொல்ல அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்... பார்க்கட்டும். சின்னக் கதைதான்.

எங்கள் ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மங்கையர்க்கரசி என்று ஒரு பி.டி. டீச்சர். கல்லூரி நாளில் ஹேண்ட்பால் ஆடியவர். அதே பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் ஆவுடையப்பன். டீச்சரின் வீட்டுக்காரர்.

புதன்கிழமை ஆறாவது பீரியட் விளையாட்டு. டைம்டேபிளில் அப்படித்தான் எழுதியிருக்கும். டீச்சர் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கிளம்புவார். வகுப்பு வாசலில் சார் நிற்பார்.

"டீச்சர், போர்ஷன் முடியல. இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க."

கொடுத்தார். அடுத்த புதன்?

"டீச்சர்... இந்த ஒரு பீரியட் மட்டும்."

எத்தனை வருஷம்? இருபத்தாறு வருஷம்! போர்ஷன் முடிந்ததா? இந்த நாட்டில் எந்தப் பள்ளியிலாவது போர்ஷன் முடிந்து பார்த்திருக்கிறீர்களா? மறுக்கவும் முடியாது. மறுத்தால், ரிசல்ட் குறைந்ததற்கு பி.டி. டீச்சர்தான் காரணம் என்பார்கள். அந்த அம்மா ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, யாரும் தொடாத பந்துகளுக்கு வாராவாரம் காற்றடித்தார். அரசாங்கம் அதற்குச் சம்பளமும் கொடுத்தது.

இருவரும் ஓய்வு பெற்றார்கள். மகன் முகிலன் டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறான். அழைத்தான், போனார்கள். "அம்மா, என்ன பார்க்கணும்? அரண்மனையா, கப்பலா?"

டீச்சர் சொன்னார்: "ஒரு ஹேண்ட்பால் மேட்ச் பார்க்கணும்பா. முதல்ல இருந்து கடைசி விசில் வரைக்கும். சர்வீஸ்ல ஒரு மேட்ச்கூட முழுசா பார்க்கல."

ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர்ப் பெண்கள் அணிக்கும் பக்கத்து ஊர் அணிக்கும் ஆட்டம். உள்ளரங்கம். நூறு பேர் இருப்பார்கள். மர பெஞ்ச், காப்பி, கேக். டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்க்கிறார். சார் என்ன செய்கிறார்? விசாரணை நடத்துகிறார்.

"முகிலா, ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"ரெண்டு பாயிண்ட்பா."

"அதைக் கேக்கலடா. வேலை? கோட்டா கீட்டா உண்டா?"

"எல்லாருக்கும் வேலை இருக்குப்பா. கோல்கீப்பர் பேக்கரில இருக்காங்க. அந்தப் பத்தாம் நம்பர் பல் டாக்டர்."

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டருக்குப் படிச்சவ எதுக்குடா ஓடுறா?"

என்ன கேள்வி பார்த்தீர்களா! சிரிக்கிறீர்கள்... சிரியுங்கள். இந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லையா?

ஆட்டம் முடிய இன்னும் ஒன்பது நிமிஷம். ஊர் அணி பதினான்கு கோல். எதிரணி இருபத்தைந்து. சார் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"வா மங்கை. ஒம்பது நிமிஷத்துல பதினோரு கோல். நடக்கிற காரியமா? கணக்குப்படி முடிஞ்சு போச்சு. கூட்டம் கிளம்புறதுக்கு முன்னாடி பஸ்ஸைப் பிடிப்போம்."

நூறு பேர் கூட்டம்! அதிலும் தொண்ணூறு பேர் சைக்கிளில் வந்தவர்கள்!

டீச்சர் அசையவில்லை. "விசில் இன்னும் ஊதலைங்க."

"தோக்கிற ஆட்டத்துல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? எழுந்திரு. இந்த ஒருதடவை மட்டும் நான் சொல்றதைக் கேளு."

இந்த ஒருதடவை மட்டும்... அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அந்த அம்மா திரும்பினார். வீட்டில் "என்னங்க" என்று கூப்பிடுகிறவர், அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதைப் போலவே கூப்பிட்டார்.

"சார்... இந்தப் பீரியட் நான் தர மாட்டேன்."

அவ்வளவுதான். ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார். சார் விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். பஸ் வந்தது, நின்றது, போனது. பஸ் கார்டு டீச்சரின் கைப்பையில் இருந்தது.

உள்ளே? ஊர் அணி ஜெயித்ததா? எங்கே ஜெயிப்பது! இருபத்தெட்டுக்குப் பத்தொன்பது, தோல்வி. ஆனால் கடைசி நிமிஷத்தில் அந்தப் பல் டாக்டர் விழுந்து எழுந்து ஒரு கோல் போட்டார். நூறு பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். டீச்சரும் தட்டினார். கடைசி விசிலைக் கேட்ட பிறகுதான் எழுந்தார். கை சிவந்திருந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன்? பெற்றோர்களே, நீங்களும் லீவுக்கு வெளிநாடு போகிறீர்கள். அந்த ஊர்க்காரர்கள் விளையாடுவதை வீடியோ எடுத்து, "என்ன ஒரு வாழ்க்கை பாருங்கள்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். வீடு திரும்பியதும் என்ன சொல்கிறீர்கள்? "பந்தை உள்ள வை, டியூஷனுக்கு நேரமாச்சு!" அங்கே பார்த்தால் பண்பாடு, இங்கே பார்த்தால் வெட்டி வேலையா? ஆசிரியப் பெருமக்களே, கொடுக்க மனமில்லை என்றால் டைம்டேபிளில் எதற்கு எழுதுகிறீர்கள்? சுவருக்கு அழகாகவா? பிள்ளையின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் அதைத் திருப்பித் தர முடியாது ஐயா... இருபத்தாறு வருஷம் கழித்து டென்மார்க்குக்கு டிக்கெட் எடுத்தாலும் முடியாது.

சரி, அடுத்தவரைச் சொல்லிவிட்டேன். என் கதைக்கு வருகிறேன். இது விளையாட்டு விழா. நிகழ்ச்சி நிரல் என் கையில் இருக்கிறது. ஒன்பதாவது: மாணவியர் தொடர் ஓட்டம். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறார்கள்... "நேரமின்மையால் ரத்து." பத்தாவது: சிறப்புரை. நாற்பத்தைந்து நிமிடம். அதாவது நான்!

அதோ, வேப்பமரத்தடியில் பதினாறு பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் ரிலே கட்டையோடு, தங்கள் முறை எப்போது வரும் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருபது நிமிடம் தின்றுவிட்டேன். மன்னியுங்கள் கண்ணுகளா. மீதி இருபத்தைந்து உங்களுடையது.

பி.டி. சார் எங்கே? விசிலை எடுங்கள். யாரும் எழுந்து போகாதீர்கள்... கடைசியாக வருகிற பிள்ளையும் கோட்டைத் தொடட்டும்.