தகர டப்பாவில் ஒரு கார்

யுத்த காலத்தில் ஒரு காலை, மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை வழியாகப் போகும் டிராமில் இருந்தேன். முன் இருக்கையிலிருந்து இந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"நேத்துதான் என் காருக்குக் கதவு மாட்டினேன் பாய். சுண்டு வெரல் நீளம்கூட இல்ல."

சொன்னவரின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மடியில் சாண் நீளத்தில் ஒரு தகரக் கார் இருந்தது. பக்கத்தில் குல்லாய் போட்ட நண்பர்.

"இன்னாத்துக்கு கோவிந்தா இது? கொயந்தைக்கா?"

"மொதலாளிக்கு. மிஷின்ல வெரல் போனதும், 'இனிமே ஸ்பேனர் புடிக்க முடியாது, ஒர்க்‌ஷாப் பக்கம் வராத'ன்னாரு. அதான் அவரு காரையே பாத்து பிஸ்கோத்து டின்னுல செஞ்சிக்கினு போறேன். ஸ்டீரிங்கத் திருப்பிப் பாரு."

பாய் திருப்பினார். முன் சக்கரங்கள் இரண்டும் திரும்பின.

"யப்பா! எத்தினி நாளாச்சு?"

"ஏழு மாசம். கதவோட கீல் மட்டும் பதினோரு தபா ஒடைஞ்சிது. மூணு வெரல்ல புடிக்கக் கத்துக்கினேன்."

ராயப்பேட்டையில் காரைத் துணியில் சுற்றிக்கொண்டு கோவிந்தன் இறங்கிவிட்டார்.

அடுத்த வாரம் அதே டிராமில் இருவரையும் மறுபடி பார்த்தேன். கோவிந்தனின் சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை.

"சேத்துக்கினாரா?" என்றார் பாய்.

"அன்னிக்கே சேத்துக்கினாரு. அந்தக் காரத் தன் மேஜை மேல வெச்சிட்டுப் போன்னாரு. நான் குடுக்கல."

"ஏன்பா?"

"பானட்டத் தொறந்தா உள்ள காலியா கீது பாய். இன்ஜின் செஞ்சி முடிச்சாதான் தருவேன்னு எடுத்தாந்துட்டேன்."