திரைக்கென்று செய்த கண்ணாடி

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள் ஐயா. துணியில் ஒட்டியிருக்கிற தூசி லென்ஸின் மேல்பூச்சைக் கீறிவிடும். குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு சோப்பை விரலால் தடவிக் கழுவினால் போதும். என் கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். வாசலைத் தாண்டியதும் எல்லாரும் சட்டையில்தான் துடைக்கிறார்கள். உங்கள் கண்ணாடியின் இடது கால் கொஞ்சம் தூக்கியிருக்கிறது. சின்னத் திருப்புளி ஒன்று கிடைத்தால் பேசிக்கொண்டே சரி செய்து தருவேன்.

அன்று வேனை ஓட்டிய பார்க் ஜின்மோ போட்டிருந்த கண்ணாடி நான் செய்தது. விபத்துக்குக் காரணம் அவனுடைய கவனக்குறைவு என்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். ஏன் வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எங்கள் விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் ஒரு விமானப்பிடியை வைத்துக்கொண்டு, பழைய காலத்துப் போர் விமானங்களை ஓட்டுவோம். ஊர் ஊராக இருக்கிற ஆட்கள் இணையத்தில் அணியாகச் சேர்ந்து பறப்போம். எங்கள் அணிக்குத் தலைவி யூன் மியோங்சுக் அக்கா. போஹாங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால், வலப்பக்கம் சற்றுத் தள்ளி, இரண்டாம் இடத்தில் பறந்தவன் நான். இரண்டாம் இடத்துக்காரனுக்கு வேலை ஒன்றுதான். தலைவியின் வாலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆபத்து வந்தால் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும்: "திரும்பு."

ஒவ்வொரு முறையும் மேலே ஏறியதும் அக்கா கேட்பார்.

"யோங்சு, பின்னாடி இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"அப்ப நான் ஒரு தூக்கம் போடலாம்."

எனக்கு மனைவி மக்கள் இல்லை. கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் முகத்துக்கு வெகு அருகில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அவர்கள் பார்ப்பது சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை. நான் இருக்கிறேனா என்று கேட்ட ஒரே ஆள் அக்காதான். இதைப் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

பிறகு ஜின்மோ வந்து சேர்ந்தான். தேகுவில் எங்கள் பேட்டைக்குப் பக்கத்துப் பேட்டை. கடைகளுக்குத் தோஃபு, சோயாக்கட்டி, போடுகிற வேன் ஓட்டுகிறவன். நல்ல பையன். அதை மறுக்க மாட்டேன்.

வானத்தில் குறி வைப்பது தரையில் வைப்பது போல இல்லை ஐயா. எதிரி இருக்கிற இடத்தைச் சுட்டால் குண்டு போய்ச் சேரும்போது அவன் அங்கே இருக்க மாட்டான். அவன் வந்து சேரப்போகிற வெற்றிடத்தைச் சுட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதை அவன் இறக்கையின் சாய்வைப் பார்த்துக் கணிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நூறு குண்டுக்கு எத்தனை பட்டது என்று திரையில் புள்ளியாக வரும். எனக்கு நாலு வரும், நல்ல நாளில் ஐந்து. ஜின்மோவுக்கு வந்த புதிதிலேயே ஒன்பது.

"யோங்சு அண்ணன் சுடறப்ப எதிரிக்கு ஜாலி. சுத்தி வாணவேடிக்கை, நடுவுல அவன் பத்திரமாப் போவான்," என்றான் ஒரு நாள்.

கேலிதான். எல்லாரும் கேலி பேசுவோம். ஆனால் அக்கா சிரித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கும் ஒரு நகைச்சுவை தோன்றியது, சொல்லவும் செய்தேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த ஆட்டத்தில் என்னை நாலாம் இடத்துக்கு அனுப்பினார். "கோவிச்சுக்காதடா. சீசன் முடியறவரைக்கும்தான். குறி தப்பாத கை ஒண்ணு எனக்குப் பின்னாடி வேணும்," என்றார். நான் "சரிக்கா" என்றேன். மேலே ஏறியதும் காதில் கேட்டது.

"ஜின்மோ, பின்னாடி இருக்கியா?"

"இருக்கேன்க்கா. தூங்குங்க, குறட்டை மட்டும் விடாதீங்க."

நாலாம் இடத்திலிருந்து பார்த்தால் அக்காவின் விமானம் ஒரு புள்ளி. அதற்கும் எனக்கும் நடுவில் அவனுடைய வால்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. நம்புங்கள். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் பயிற்சி செய்தேன். சுட்டதையெல்லாம் பதிவு செய்து மெதுவாக ஓட விட்டுப் பார்த்தேன். இறக்கைத் துப்பாக்கிகளைப் பற்றி எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. இரண்டு இறக்கையிலிருந்தும் புறப்படுகிற குண்டுகள் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒன்று கூடும். அந்தத் தூரத்தை நாமே முன்கூட்டி வைத்துக்கொள்ளலாம். அங்கே எதிரி சிக்கினால் கத்தியால் வெட்டியது போல இருக்கும். அதற்கு அப்பால் குண்டுகள் பிரிந்து போய்விடும். எதிரி நடுவில் சும்மா போவான். ஜின்மோ அந்தத் தூரத்தை மிகவும் கிட்டத்தில் வைத்திருந்தான். ஒரே ஒரு தூரத்தில் மட்டும் அபாரமாக இருப்பது, மற்ற எல்லாத் தூரத்திலும் ஒன்றுமில்லாமல் போவது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. என் குறி நாலிலேயே நின்றது.

அக்காவேதான் அவனை என் கடைக்கு அனுப்பினார். "யோங்சு, பையனுக்குக் கண்ணு சீக்கிரம் களைச்சுப் போகுதாம். நீ பாத்துக் குடு. இன்னும் ரெண்டு புள்ளி ஏறிட்டான்னா இவன இந்த இடத்துலயே ஆணி அடிச்சு வெச்சிருவேன்," என்றார். அணி முழுக்க இணையத்தில் பேசிக்கொள்கிற பேச்சு வரிசையில், எல்லாரும் கேட்கச் சொன்னார்.

ஜின்மோ ஒரு பெட்டி தோஃபுவோடு வந்தான். "அண்ணே, உங்களுக்கு. இன்னைக்குப் போட்டது, சூடு ஆறல," என்றான். அவனுக்குக் கிட்டப்பார்வை, தூரத்தில் இருப்பது தெரியாது. நான் முறையாகச் சோதித்தேன். அவன் திரைக்கும் கண்ணுக்கும் நடுவே எழுபது சென்டிமீட்டர் என்றான். அந்தத் தூரத்துக்கென்று லென்ஸின் வலுவைக் குறைத்துச் செய்தேன். அப்படிச் செய்தால் திரையில் தூசி அளவு விமானத்தின் இறக்கைச் சாய்வுகூடத் துல்லியமாகத் தெரியும்; கண் களைக்காது. இது தவறில்லை. எந்தக் கண்ணாடிக் கடையிலும் செய்து தருவார்கள். செய்து தரும்போது ஒரு வாக்கியம் சொல்வார்கள்: இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

சோதனைக் கண்ணாடியை மாட்டி, வாடிக்கையாளரைக் கடை வாசலில் நிறுத்தி, எதிர்ச்சாரி மருந்துக்கடையின் பெயரைப் படிக்கச் சொல்வது என் வழக்கம். பத்தடி நடக்கவும் சொல்வேன். அன்று வெளியே மழை என்றேன். தூறல்தான். அவனை வாசலுக்குப் பதில் என் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"அண்ணே! இது என்ன, விமானத்துல ஆணி எண்ணலாம் போல இருக்கு," என்றான். எழுந்து நின்றபோது வாசல் பக்கம் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். "தூரத்துல மட்டும் லேசாப் பனி மூடின மாதிரி…"

"புது லென்ஸ். கண்ணு பழகணும். அக்காவோட சட்டம் என்ன?"

சிரித்தான். அக்காவின் சட்டம் எங்கள் அணியில் எல்லாருக்கும் மனப்பாடம். துப்பாக்கியின் தூரமோ பிடியின் இறுக்கமோ, ஒன்றை மாற்றினால் சீசன் முடிகிற வரைக்கும் திரும்ப மாற்றக் கூடாது. முதலில் குறி கெடும், பொறுத்துக்கொண்டால் கை கற்றுக்கொள்ளும். மாற்றி மாற்றிப் பார்க்கிறவன் எதையும் கற்க மாட்டான். எங்களைப் போன்ற ஆட்களுக்கு இது வேதம். வெளியாள் எவனாக இருந்தாலும் பனி மூடினால் அடுத்த நாளே கடைக்குத் திரும்பி வந்து சண்டை போட்டிருப்பான். ஜின்மோ தன் கண் கற்றுக்கொண்டிருப்பதாக நம்பினான். போதாததற்கு அவன் புள்ளி பன்னிரண்டுக்கு ஏறியது. கண்ணாடி சரியென்று சொல்ல அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

பழைய கண்ணாடியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். திருகு தளர்ந்திருக்கிறது, சரி செய்து தருகிறேன் என்றேன். திருகு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு தடவை வேனிலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, சிவப்பு விளக்கு பூ மாதிரி விரிஞ்சு தெரியுது. சிரிப்பா வருது. பழசு ரெடியா?"

"உன் புள்ளி எவ்வளவு?"

"பன்னண்டு."

"அப்புறம் என்னடா? சீசன் முடியட்டும்."

இதோ, பழைய கண்ணாடி. மேசை மேல் வைக்கிறேன். சோதித்துப் பாருங்கள்.

சீசன் முடிந்தது, ஜெயித்தோம். பன்றிக்குடல் சுட்டுத் தருகிற கடையில் எல்லாரும் நேரில் கூடுவதாக ஏற்பாடு. அக்கா போஹாங்கிலிருந்து ரயிலில் வந்தார். அவரை அழைத்துப்போக நான் காரைக் கழுவி, இருக்கைக்குப் புது உறை போட்டு, நிலைய வாசலில் நின்றேன். அக்கா வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். என் கையைப் பிடித்து, "இளைச்சிருக்கியே, சாப்பிடறியா இல்லையா?" என்றார். அப்புறம், "நான் ஜின்மோ வேன்ல வரேன். அடுத்த சீசனப் பத்தி அவங்கிட்டப் பேசணும். நீ பின்னாடி வா, பழக்கமான இடந்தானே?" என்று சொல்லிச் சிரித்தார்.

பின்னால் போனேன். வலப்பக்கம் சற்றுத் தள்ளி. பொழுது இறங்கி, சாம்பல் நிறத் தூறல். அணியின் பேச்சு வரிசையை மூவரும் போனில் திறந்தே வைத்திருந்தோம். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. நான் பேசினால் அவர்களுக்குக் கேட்கும்.

மேம்பாலத்துக்குக் கீழே, வலது ஓரத்தில், பின்விளக்கு எரியாத ஒரு லாரி பாதி சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிட்டது. என் கண்ணாடியை நான் எல்லாத் தூரத்துக்குமாகத்தான் செய்திருக்கிறேன். ஜின்மோவுக்கு அது எப்படித் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த லென்ஸை அறுத்தவன் நான்தானே. சாம்பலுக்குள் சாம்பல்.

அப்போது போனில் அக்காவின் குரல் வந்தது.

"யோங்சு, பின்னாடி இருக்கியா?"

எத்தனை காலத்துக்குப் பிறகு என்னைக் கேட்கிறார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சொல் எது என்று எனக்குத் தெரியும். அதற்கு நேரமும் இருந்தது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் ஜின்மோ தப்பித்துவிடுவான் என்று மட்டும் எண்ணினேன். அக்கா ஓட்டுகிறவனுக்கு வலப்பக்க இருக்கையில், வேன் லாரியில் மோதப்போகிற பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அந்த நேரத்தில் எண்ணவில்லை. அது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் வந்தேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? நேற்று மருத்துவமனைக்குப் பேரிக்காய் வாங்கிக்கொண்டு போனேன். அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வலது கை இனி எதையும் பிடிக்காதாம். படுக்கைக்குப் பக்கத்து நாற்காலியில் ஜின்மோ. வேலையை விட்டுவிட்டு எப்போதும் அங்கேயேதான் இருக்கிறானாம். கஞ்சியை ஆற்றி ஊட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தான். "என்னாலதான்க்கா, எல்லாம் என்னாலதான்." அக்கா இடது கையால் அவன் தலையைத் தடவினார். "அழுவாதடா. நீ வேணும்னா செஞ்ச? நான் ஒண்ணும் நெனைக்கல." பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஜின்மோ, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"அப்ப நான் கொஞ்சம் தூங்கறேன்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஐயா, அது நியாயமில்லை. செய்தது முழுக்க நான். பார்த்துப் பார்த்து, அளந்து செய்தது. அதற்குக் கிடைக்கிற மன்னிப்பு அவனுக்குப் போகிறது. தலையைத் தடவுகிற அந்தக் கை எனக்குச் சேர வேண்டியது. அவன் எதுவும் செய்யாதவன். அந்த நாற்காலியில் உட்கார அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் மட்டும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். யாரால் என்று தெரிந்துவிட்டால் அவனை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்.