விரல் சூடு தாங்காத மோதிரம்

— அப்போ கையெழுத்துப் போட மாட்டே?

— மாட்டேன் அத்தை. உங்க தம்பிகிட்ட காலையிலயே சொல்லிட்டேன்.

— என் தம்பியா! உனக்கு அவன் யாருடி?

— வீட்டுல அப்பா. இங்க நகைப் பட்டறை முதலாளி. முதலாளி போன்னா போயிடுவேன். பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.

— நல்லா இருக்குடி கூத்து! நான் யார் வம்புக்கும் போறவ இல்ல. "அவளைச் சமாதானம் பண்ணு, விஷயம் வெளிய போகக் கூடாது"ன்னு அவன் அனுப்பினான், வந்தேன். நாளைக்குப் புது மோதிரம் விற்பனைக்கு வருது. பிளாட்டினம், பாதி விலை. வாசல்ல 'என்றும் நிலையானது'ன்னு பேனரே கட்டியாச்சு. சோதிச்சுப் பார்த்தவ நீ. அந்த ஒரு வார்த்தையை எழுதிக் கொடுக்க உனக்கு என்ன வலிக்குது?

— அந்த வார்த்தைதான் வலிக்குது.

— இந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி தவம் கிடந்து என்னதான் கண்டுபிடிச்சே? என் மண்டைக்கு ஏறுற மாதிரி சொல்லு.

— உள்ளே அணுக்களை வரிசையா அடுக்குவேன். பிளாட்டினம், நடுநடுவே விலையைக் குறைக்க அப்பா கலந்த மலிவு உலோகம். அப்புறம் பக்கவாட்டுல லேசா ஒரு தள்ளு. நல்ல உலோகம்னா முரண்டு பிடிச்சுத் திருப்பித் தள்ளும். அதுக்குப் பேருதான் நிலையானது.

— உன்னை மாதிரி.

— இருக்கட்டும். இந்தக் கலவை முரண்டே பிடிக்கல. தொட்டதும் 'சரிங்க முதலாளி'ன்னு சாஞ்சுடுது.

— உங்கப்பனோட மேனேஜர் மாதிரின்னு சொல்லு! ஆனா அந்த மேனேஜர் கலவை நிலையா நிக்குதுன்னுதானே கணக்குக் காட்டினான்?

— காட்டினார். அவர் கணக்குல சூடே கிடையாது அத்தை. இதுக்கு மேல குளிரவே முடியாதுன்னு ஒரு குளிர் இருக்கு. நாம சொல்லாம விட்டா கம்ப்யூட்டர் அந்தக் குளிர்லதான் கணக்குப் போடும். அவர் சொல்லாம விட்டுட்டார். நான் விரல் சூட்டைச் சேர்த்தேன், படுத்துடுச்சு.

— அப்போ அவன் கணக்குப்படி அந்த மோதிரத்தை யாருதான் போட்டுக்கிறது? பிணமா?

— பிணத்துக்கும் ஆகாது. பிணம் அதைவிடச் சூடு.

— அடிப்பாவி! கல்யாண மோதிரத்தைப் பத்திப் பேசுற பேச்சா இது? என் பொண்ணு ஜோடியா சொல்லி வெச்சிருக்கா. கையில வாங்கிப் பார்த்தேனே, பளபளன்னு நல்லாத்தானே இருக்கு?

— வார்த்ததும் சட்டுன்னு தண்ணியில முக்கிட்டாங்க. நகர நேரமில்லாம அணுவெல்லாம் திகைச்சுப் போய் நிக்குது. விரல்ல ஏறட்டும். முதல்ல முடி மாதிரி ஒரு கீறல். அப்புறம் என்னைக்காவது துணி பிழியும்போது பட்டுன்னு ரெண்டா போகும்.

— ஊரு உங்கப்பனை என்னடி சொல்லும்?

— இப்பவே நிறுத்தினா அவசரக்காரர்னு சொல்லும். வித்த பிறகு தெரிஞ்சா வேற பேர் வைக்கும்.

— உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவான். வீட்டுலயும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

— என் பிடிவாதமும் அங்கிருந்து வந்ததுதான். எனக்குப் பதிலா யாரை வேணா உட்கார வைக்கட்டும். சூட்டோட தள்ளினா இதேதான் வரும்.

— சரி, அந்தப் பிணத்தை இன்னொரு தரம் சொல்லு. வார்த்தை மாறாம.

— பிணம் அதைவிடச் சூடு. எதுக்கு?

— சும்மாத்தான். கீறல் நூல் மாதிரின்னியா, முடி மாதிரின்னியா?

— முடி மாதிரி. எதுக்கு அத்தை இவ்வளவு விசாரணை? நான் சமாதானம் ஆகலைன்னு போய்ச் சொல்லுங்க, போதும்.

— அதை நீயே சொல்லிக்கோ, எனக்கு வேலை கிடக்கு. வெளிய போகக் கூடாத விஷயத்துக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்காம என்னைப் பிடிச்சு அனுப்பியிருக்கான் பாரு! விவரம் பத்தாம வர்ற வழியில பாதித் தெருவுக்குத்தான் சொல்ல முடிஞ்சுது. வழியை விடுடி, மீதித் தெரு காத்துக்கிட்டிருக்கு.