எலும்பு நகர்கிறதா என்று முதலில் பார்த்தவருக்கு

இருட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தவரே! இமை சோர்ந்தாலும் எங்கள் திரையைக் காத்தவரே! மெல்பர்னில் நம் ஆய்வகத்து நுண்ணோக்கிப் பிரிவின் மூத்தவரே, அன்பிற்குரிய யூனா பிரெஸ்காட் அவர்களே, வணக்கம்.

பணி ஓய்வு பெறும் இன்று நீங்கள் களைத்திருக்கிறீர்கள். நாங்களும்தான். அலங்காரமாக எழுதத்தான் முயன்றோம். எழுதியவற்றை உங்கள் முன் வாசிக்கக் கூச்சமாக இருந்தது. அதனால் நடந்ததையே சொல்கிறோம்.

மயக்கத்தில் உறங்கும் சுண்டெலியின் மண்டையோட்டு வழியே, உயிருள்ள எலும்பு மஜ்ஜைக்குள் நோயெதிர்ப்புச் செல்கள் நகர்வதைப் படம் பிடிப்பது நம் வேலை. சொல்ல அழகாக இருக்கிறது. செய்யும்போது பாதி நாள் எதுவும் நகர்வதில்லை. எலியின் மூச்சைப் பார்க்க வேண்டும், சூட்டைப் பார்க்க வேண்டும், கழுத்து பிடித்துக்கொண்டாலும் நாற்காலியை விட்டு எழக் கூடாது. அந்த நாற்காலியின் முதுகில் உங்கள் பழுப்புக் கம்பளிச் சட்டை எப்போதும் தொங்கும்.

"யூனாவோட சேர்த்து நாற்காலிக்கும் ரிட்டயர்மென்ட் குடுத்துடணும். அதுக்கும் இடுப்பு போயிடுச்சு" என்பார் நம் பிரிவின் ஸ்டாவ்ரோஸ்.

"முதல்ல உன் ஜோக்குக்குக் குடு" என்பீர்கள்.

சென்ற குளிர்காலத்தில் நம்மில் இளையவரான மெலே அந்த நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "யூனா, வந்து பாருங்க! எல்லாச் செல்லும் ஒரே பக்கமா ஓடுது!"

திரையின் ஓரத்தில் நீலமாக மின்னிய எலும்பை நீங்கள் காட்டினீர்கள். "எலும்பும் கூடவே ஓடுதேம்மா. அது எங்க போகுதாம், ஃபுட்டி மேட்ச் பாக்கவா?"

எலியின் தலையைப் பிடித்திருந்த பசை இளகி, எலும்புதான் நழுவியிருந்தது. அதற்குள் மெலே அந்தப் படத்தை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அதன்பின் நாற்காலியை நீங்கள் யாரிடமும் தனியாக விடவில்லை. நீங்கள் 'சரி' என்று சொன்ன ஒருவர் இல்லாமல் கருவியை ஓட்டக் கூடாது என்பது இங்குள்ள விதி. ஓய்வு நாள் நெருங்கியது. நீங்கள் இன்னும் யாருக்கும் 'சரி' சொல்லியிருக்கவில்லை. அறையைப் பூட்டிவிடுவார்கள் என்று பேச்சு எழுந்தது.

போன வியாழக்கிழமை, ஆண்டு முழுவதும் காத்திருந்த காட்சி திரையில் வந்தது. செல்கள் ஒவ்வொன்றாக இரத்தக் குழாயை நோக்கி நழுவின. அறை முழுக்கக் கூட்டம். மெலே மட்டும் செல்களைப் பார்க்கவில்லை.

"நிறுத்திடலாம். எலும்பு நகருது."

"கொஞ்சம்தானே! கம்ப்யூட்டர்ல நேராக்கிக்கலாம்" என்றார் ஸ்டாவ்ரோஸ்.

"பக்கவாட்டுல போனா நேராக்கலாம். இது கீழ இறங்குது, நாம பாக்கற ஆழமே மாறிடுச்சு. இன்னிக்கு எடுத்தது எதுவும் ஆகாது."

சொன்னபடியே கருவியை நிறுத்திவிட்டார். நீங்கள் பாராட்டவில்லை. நாற்காலியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தீர்கள்.

"சரி, மெலே பாத்துக்குவா. நான் கிளம்பறேன், ட்ராம் கூட்டமாயிடும்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அறை பூட்டப்படவில்லை.

ஓய்வறியா உழைப்பே! இனி காலையில் வெயில் ஏறும்வரை உறங்குங்கள். கழுத்துவலி தீரட்டும், கண்கள் பகலுக்குப் பழகட்டும், நலமாய் நெடுங்காலம் வாழுங்கள்.

இந்த மடலை வாசிக்கும் நேரத்தில் மெலே இந்தக் கூடத்தில் இல்லை. இருட்டறையில் எலி உறங்குகிறது, அவர் நாற்காலியில் இருக்கிறார். கேக் வெட்டும்போதாவது வரச் சொன்னோம். "எழுந்து வந்தா யூனா திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டார்.

என்றும் அன்புடன்,
நுண்ணோக்கிப் பிரிவினர்,
நாற்காலியில் இருப்பவரும் சேர்த்து