வலிக்காத இடம்

வலிக்காமல் ஊசி போடுவேன் என்று நானாக யாரிடமும் பெருமையடித்துக்கொண்டதில்லை. அக்காதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்: "கொசு கடிச்சாக்கூட இதைவிட வலிக்கும். இவ கை அப்படி."

என் கையில் ஒரு விசேஷமும் இல்லை. நர்சிங் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு கொழுப்பு அடுக்கு இருக்கிறது. வயிற்றை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் மேலே வருவது அதுதான். சர்க்கரைக்காரர்களுக்கு இன்சுலினை அங்கே போட்டால் மெல்ல மெல்ல ரத்தத்தில் இறங்கும். தினமும் ஒரே இடத்தில் போட்டால் கொழுப்பு தடித்துக் கட்டியாகிவிடும். அங்கே வலி தெரியாது. மருந்தும் சரியாக இறங்காது.

அக்கா தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தைத்தான் காட்டுவாள். "அங்கயே போடுடி, வேற இடம்னா உயிர் போகுது." போட்டேன். சர்க்கரை குறையவில்லை என்று டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போனார். கட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பாடம் நடத்துகிறவள் வீட்டிலேயே இந்த லட்சணமா என்று கேட்பாரே, அந்த வெட்கம்தான்.

தாய்க்குத் தாயாக என்னை வளர்த்தவள் அவள். மறுக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் என்னைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார், எங்கள் லேப் டெக்னீஷியன். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் அக்கா பேசி முடித்துவிட்டாள்.

"இவ போயிட்டா நான் தெருவுலதான் நிக்கணும் தம்பி. உங்களுக்கு நல்ல இடமா அமையும்."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். போன மாதம் தன் கல்யாணப் பத்திரிகையை என் மேஜையில் வைத்தார்.

மறுநாள் காலை இடப்பக்கம் போட்டேன். டாக்டர் எழுதிய அளவுதான், ஒரு சொட்டு கூடுதலில்லை. ஆனால் அது ஊசியே படாத இடம். கட்டிக்காக ஏற்றிய அளவு அத்தனையும் அங்கே இறங்கி, சர்க்கரை ஒரேயடியாகச் சரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"இன்னைக்கு வலிச்சுதுடி" என்றாள். இன்னும் என்னை நம்பித்தான் சொன்னாள். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. "சாப்பிட்டுப் படுக்கா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

பத்தரை மணிக்கு வகுப்பில் இருந்தேன். போன் மூன்று முறை அடித்தது. பாடம் நடத்தும்போது எடுக்கக் கூடாது என்பது பள்ளி விதி என்று நேற்று விசாரணைக்கு வந்த உங்களிடம் சொன்னேன். அப்படி ஒரு விதி கிடையாது. அக்காதான் கூப்பிடுகிறாள் என்று தெரியும். அவள் நாக்குக் குழறுவதைக் கேட்டிருந்தால் ஓடிப்போய் வாயில் சர்க்கரையைப் போட்டிருப்பேன். அதனால்தான் எடுக்கவில்லை.