சுகன்யாவின் பக்கத்தில் புகுந்த கை

கசப்பாகப் பேசுகிறவன் என்று தெரிந்தும் என் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்த துணிச்சல்காரர், கூக்கால் பூண்டு விவசாயிகள் சங்கத்தின் தலைவர், ஐயா திருமலைச்சாமி அவர்களே! வெள்ளனே எழுந்து வயல் வேலையை முடித்து, பூண்டு மணக்கும் கைகளோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! குளிருக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குக் களை கூட்டியிருக்கும் பெரியோர்களே! பேத்துப்பாறையிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களே! சங்கத்துக் கணினி அறையைக் காவல் காக்கும், மன்னியுங்கள், காவல் காப்பதாகச் சம்பளம் வாங்கும் குமரகுருவின் வணக்கம்!

ஆண்டறிக்கை வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்க மாட்டேன். "வெரசா முடிங்க, பஸ்ஸு போயிரும்" என்கிறார் பின்னால் ஒருவர். போகட்டும் ஐயா! ஒரு பிள்ளையின் படிப்பே போய்க்கொண்டிருக்கிறது, பஸ்ஸா பெரிது?

சோலையம்மாளின் மகள் சுகன்யா அரசு வேளாண்மைக் கல்லூரியில் சேரத் தகுதியான மதிப்பெண் எடுத்தவள். ஒன்பது நாளுக்கு முன்னால், காலையில், நம் சங்கத்துக் கணினியில்தான் கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்து தன் விருப்பத்தைப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அந்த விருப்பம் மாறியது. எங்கோ வடக்கே, ஈ காக்கை சேராத ஒரு தனியார் கல்லூரியின் பெயர் அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டது. இனி மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டாயிற்று!

எப்படி மாறியது? கேளுங்கள் நம் ஊர் வழக்கத்தை. மேகம் விலகினால்தான் நமக்கு நெட். பக்கத்தை மூடினால் மறுபடி ஓடிபி வர வேண்டும். அது வருவதற்குள் மேகம் வந்துவிடும். அதனால் நாம் எதையும் மூடுவதில்லை. ரேஷன் பக்கம், பட்டா பக்கம், பரீட்சைப் பக்கம் எல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை திறந்தே கிடக்கும். "கெடக்கட்டும் குமரு, மத்தியானம் வந்து பாக்குறேன்" என்று சொல்லாத ஆள் இந்தக் கூட்டத்தில் உண்டா? கதவைச் சாத்தாமல் போவது நமக்குக் கெட்டிக்காரத்தனம்!

அந்தக் கணினியில், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் பிளகின் என்ற குட்டி மென்பொருள் ஒன்று இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்வதற்காகப் போட்டது. கொடைக்கானலில் கணினி பழுது பார்க்கும் டிக்சன் நேற்று வந்து சோதித்தார். "அண்ணே, இதுல ஓட்டை இருக்கு. தெறந்து கெடக்குற பக்கத்துக்குள்ள வெளியாளு நொழைஞ்சு எதை வேணாலும் மாத்தலாம். கம்பெனிக்காரனுக்கு இது தெரிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு" என்றார்.

ஐந்து மாதம்! அறிந்தவன் அலறினானா? ஆபத்து என்று அறிவித்தானா? இல்லை ஐயா, இல்லை! ஓட்டையை அடைக்கும் ஒரு புதுப் பதிப்பை அனுப்பி, அடியில் எறும்பு எழுத்தில் 'சிறு திருத்தங்கள்' என்று போட்டான். சிறு திருத்தமாம்! ஊரான் வீட்டுப் பிள்ளையின் எதிர்காலம் அவனுக்குச் சிறு திருத்தம்! அவமானம் தனக்கு வரக் கூடாது என்று ஆபத்தை நமக்கு அனுப்பிய அந்த மகாபுத்திசாலிக்கு இந்த மேடையிலிருந்து ஒரு பொன்னாடை போர்த்தலாமா?

சோலையம்மாள் போன் போட்டபோது கலந்தாய்வு அலுவலகமாவது கேட்டதா? "உங்க கம்ப்யூட்டர்லதாம்மா மாத்தியிருக்கு. பொண்ணுகிட்ட நல்லா விசாரிங்க" என்று போனை வைத்துவிட்டார்கள்.

விசாரித்தோமே, எப்படி விசாரித்தோம்! "அந்தக் காலேஜ் பக்கம் எவனோ இருக்கான்டி, அதான் புள்ள மாத்திக்கிருச்சு" என்று குழாயடியில் பேசிய வாய் எது? சிரிக்காதீர்கள் தாயே, உங்களைத்தான் சொல்கிறேன். கணினியில் ஓட்டை இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்ணின் நடத்தையில் ஓட்டை தேட ஊரே டார்ச் லைட்டோடு கிளம்பிவிட்டது! பெற்ற தாய் கை நீட்டினாள். ஒன்பது நாளாக மகளோடு பேசவில்லை. தூ! இதற்கு நமக்குப் படிப்பு ஒரு கேடு!

"நீ மட்டும் யோக்கியனா?" என்று கேட்கிறார் சேனாதிபதி. சபாஷ்! கேட்க வேண்டிய கேள்வி.

அந்தப் புதுப் பதிப்பு வந்திருப்பதாகக் கணினி தினமும் சொன்னது. போடட்டுமா, போடட்டுமா என்று கெஞ்சியது. 'பிறகு' என்ற பொத்தானை அமுக்கி அமுக்கி அதன் வாயை அடைத்தது யார்? நான். அது மட்டுமா? இரண்டே முக்காலுக்கு அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். விசைப்பலகையை எவரும் தொடவில்லை. அந்தப் பிள்ளை மாற்றவில்லை என்று அவளைத் தவிர உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். வேலை போய்விடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு, அவள் அடி வாங்கியதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். கம்பெனிக்காரனைக் காறித் துப்பினேனே, அதில் பாதி என் முகத்துக்கு வர வேண்டியது.

திண்டுக்கல்லில் மேல்முறையீடு கொடுக்க நாளைதான் கடைசி நாள். நடந்ததை எழுதிவிட்டேன், டிக்சனின் அறிக்கையும் இருக்கிறது. ஆனால் என் ஒருவன் சொல் போதாது. அந்தக் கணினியில் இன்னும் சிலருடைய பக்கங்களும் மாறியிருக்கின்றன. கேலி செய்வார்கள் என்று நீங்கள் மறைக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். நீங்களாக எழுந்தால்தான் அது சாட்சி.

என்ன சின்னக்கருப்பன் ஐயா? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"என் ரேஷன் கார்டுல எவன் போன் நம்பரோ ஏறிக் கெடக்குப்பா. மகனுங்க ஏசுவாங்கன்னு சொல்லல. எங்க கையெழுத்துப் போடணும்?"

இதோ, இந்த மேசையில் போடுங்கள் ஐயா! இன்னும் யார்? வாருங்கள், ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்.

கடைசி வரிசையில் முந்தானையால் முகத்தை மூடியிருக்கும் சோலையம்மாள் அக்கா, உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. நாளை திண்டுக்கல்லில் என் வேலையைப் பணயம் வைத்து நான் சொல்லப்போவதை இன்று ஊரறியச் சொல்கிறேன். சுகன்யா, நீ மாற்றவில்லை. எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

இருந்து கேட்டவர்களுக்கு என் நன்றி. எழுந்து வருகிறவர்களுக்கு என் வணக்கம்!