மஞ்சத் துணி முடிச்சு

மேடம், நான் தப்பாச் சொல்லிட்டா நிறுத்திக் கேளுங்க. ஆறாவதோட படிப்ப விட்டவ, முன்னபின்ன ஒளறுவேன். இப்பவே எழுதிடாதீங்க, முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க.

என் மக நித்தியா. ஆமா, புருசன் அடி தாங்காமத்தான் வந்தா, கைக்கொழந்தையோட. மொதல்ல என் வீட்டுக்கு, எஸ்டேட் லயத்துக்கு. மறுநாளே மருமகன் வந்துட்டாரு. சரி, அம்மா வீடு, தெரியும்தானே. அங்கேருந்து நானும் அவகூடவே கெளம்பி, தஞ்சோங் காராங்ல என் நாத்தனார் வீடு. ரெண்டே நாள்ல அங்கயும் வந்துட்டாரு. அப்புறம் சுங்கை பஞ்சாங்ல, என்கூட வேல செஞ்ச மாலா வீடு. மாலா யாருன்னே அவருக்குத் தெரியாது மேடம்! அங்கயும் வந்து நிக்கிறாரு.

அவரா? மருமகன்லா. இவ்ளோ செஞ்சும் ‘அவன்’னு வாயில வர மாட்டேங்குது.

யாரும் இல்லன்னு மாலா சொல்லிட்டா. அவரு கத்தல. போனத் தூக்கிப் பிடிச்சுகிட்டு ஹால்ல மெதுவா நடந்தாரு. சமையக்கட்டுப் பக்கம் போயித் திரும்பிட்டாரு. நேரா நாங்க ஒளிஞ்சிருந்த ரூம் கதவு. அஞ்சு மீட்டரு, நாலு, மூணுன்னு வாய்விட்டுப் படிக்கிறாரு மேடம். நான் நித்தியா வாயப் பொத்திக்கிட்டேன். மாலா புருசன் பாராங் கத்தியோட வந்ததால அன்னிக்குப் போனாரு.

என் அக்கா மவன் தனேஷ் போன் ரிப்பேர் பண்றவன். இது என்னாடா மாயம்னு அவனக் கேட்டேன். மாயமும் இல்ல மந்திரமும் இல்ல சின்னம்மா, ரேடியோ அலை, செவுத்துல பூந்து வந்துரும்னான். வில்ல மாதிரி ஒண்ணு இருக்குமாம். போன் கூப்பிட்டா அது பதில் குடுக்குமாம். போயி வந்த நேரத்த வச்சு எத்தன மீட்டரு, எந்தப் பக்கம்னு அம்பு போட்டுக் காட்டுமாம். தூரமா இருந்தா, பக்கத்துல போறவங்க போனே ஊரக் காட்டிக் குடுத்துருமாம். உங்க சாமான்லதான் இருக்கு, தேடுங்கன்னான்.

பேக்கு, பால் டின்னு, பேம்பர்ஸ் எல்லாம் கொட்டிப் பாத்தோம். செருப்பக்கூடக் கிழிச்சோம்.

நான்தான் மேடம் அதத் தூக்கிகிட்டு அலஞ்சிருக்கேன்.

நித்தியா மொத தடவ போயிருவேன்னு சொன்ன வாரம், அவரு என் கையில ஒரு மஞ்சத் துணி முடிச்சக் குடுத்தாரு. புள்ளைக்கு வேண்டிக்கிட்ட காசு, அத்த, மொட்ட அடிக்கிற அன்னிக்குத்தான் அவுக்கணும், நீங்களே வச்சுக்குங்கன்னாரு. வேண்டுதல் முடிச்ச யாராச்சும் அவுப்பாங்களா? எந்த வீட்டுக்குப் போனாலும், தொட்டில் கயித்துல அதக் கட்டிட்டுத்தான் நான் தண்ணியே குடிப்பேன். தேடுறப்பக்கூட அது மேல என் கை போவல. காசு இவ்ளோ தடிப்பாவா இருக்கும் சின்னம்மான்னு தனேஷ்தான் அவுத்தான். உள்ள அந்த வில்ல.

ஆத்துல வீசச் சொன்னான். வீசுனா இன்னொண்ணு வைப்பாரு. உங்க முன்னாடி நான் அழுதா, அவரு வந்து சிரிச்சுப் பேசி ஒண்ணுமில்லன்னுடுவாரு. நல்லாப் பேசுவாரு மேடம்.

நித்தியாவும் புள்ளையும் காலையிலேயே போயிட்டாங்க. எங்கன்னு இந்தக் கவுண்டர்ல வச்சுச் சொல்ல மாட்டேன், உள்ள கூப்பிட்டுக் கேளுங்க.

அந்த வில்லையா? என் இடுப்புல சொருகியிருக்கேன். அதுக்குத்தான் உங்கள இவ்ளோ நேரம் பேச்சுல புடிச்சு வச்சேன், கோச்சுக்காதீங்க. இப்ப வாசல்ல பாருங்க. இது போலீஸ் ஸ்டேசன்னுகூடப் பாக்காம, போனத் தூக்கிப் பிடிச்சுகிட்டு உள்ள வர்றாரே, அவருதான்.